எத்தனை பேரில்? தருமபுரிப் பிள்ளைகளுக்குத் தரவு சொல்லிக்கொடுப்பது பற்றி

மே 11, 2025

ஓசூரிலிருந்து ஒரு நண்பரின் கேள்வி: "பள்ளியில் தரவு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தால் சமூகநீதி வளரும் என்கிறீர்கள். எங்கள் கம்பெனியில் எக்செல்லில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளியின் ஓவர்டைமை வெட்டக் கணக்குப் போட்டுத் தருவதே அவர்கள்தான். எண் தெரிந்தவன் நல்லவன் ஆகிவிடுவானா?"

ஆக மாட்டான். ஆனால் சம்பளச் சீட்டைக் கையில் வாங்குகிறவருக்கும் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்கத் தெரிந்தால், வெட்டுகிறவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிப்பார். நான் பேசுவது சீட்டு வாங்குகிறவர் பக்கத்துக் கணக்கு.

பென்னாகரம் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். சனிக்கிழமைகளில் பாடத்துக்கு வெளியே கொஞ்சம் நடக்கும். கணினி எல்லாம் இல்லை. சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, பழைய பேப்பர். பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை பேரில்?"

மே 11, இரவு

உதாரணம் கேட்டிருக்கிறீர்கள். பிளஸ் டூ முடிவு வந்த வாரம் இது. தருமபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பாருங்கள், திரும்பிய பக்கமெல்லாம் ஃபிளெக்ஸ். நூற்றுக்கு நூறு தேர்ச்சி, மாலை போட்ட தாளாளர் படம்.

ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 60 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியது 52 பேர். 52 பேரும் பாஸ். ஃபிளெக்ஸில் நூறு. 60-க்குக் கணக்குப் போட்டால் 87-ஐக்கூடத் தொடாது. நடுவில் காணாமல் போன 8 பேர் யார்? "டி.சி.யை வாங்கிக்கப்பா, தனித்தேர்வரா எழுதிக்க" என்று பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள். என் சித்தி மகனை ஒரு தனியார் பள்ளி இப்படித்தான் அனுப்பியது. அந்த வருடமும் அங்கே ஃபிளெக்ஸில் நூறுதான்.

இப்போது எங்கள் பிள்ளைகள் எந்த ஃபிளெக்ஸைப் பார்த்தாலும் "எத்தனை பேர்ல சார்?" என்று கேட்கிறார்கள். எங்கள் தலைமையாசிரியருக்கு இதில் அவ்வளவு சந்தோஷம் இல்லை. அவரையும் குறை சொல்ல முடியாது. மேலே இருந்து அவரிடம் கேட்பதும் சதவீதம் மட்டும்தான்.

மே 14

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "826 என்ற எண்ணை வைத்துக்கொண்டு உங்கள் மாவட்டம் இன்னும் பேசலாமா?"

பேசத்தான் வேண்டும். ஆனால் எண்ணைச் சரியாகப் பிடிப்போம். 826 என்பது 2001 கணக்கெடுப்பு: ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்கு எத்தனை பெண் குழந்தைகள் என்பது. 2011-இல் அது 913. அதே பத்தாண்டில் மாநில எண் 942-இலிருந்து 943, அதாவது நகரவே இல்லை. நீங்கள் 2001-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு 2025-இல் கேட்கிறீர்கள்.

இன்னொன்று. 2001-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமே கிடையாது. 2004 பிப்ரவரியில்தான் பிரிந்தது. 826 என்பது பிரிந்த எல்லைக்குத் திரும்பக் கணக்கிட்ட எண். பழைய கட்டுரைகளில் இருக்கும் ஒன்றுபட்ட மாவட்ட எண்ணை எடுத்து 2011 தருமபுரியோடு ஒப்பிட்டால், ஓசூரையும் தேன்கனிக்கோட்டையையும் ஒரு பக்கத் தட்டில் மட்டும் வைத்து நிறுத்தது போல ஆகும்.

913 நல்ல எண் என்று சொல்லவில்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு நம் மாவட்டத்துக்கும் வந்தது. ஏன் வர வேண்டியிருந்தது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

எழுத்தறிவையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், எப்படியும் அடுத்து அங்கேதான் வருவீர்கள். 2011-இல் 68.54 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. மாநிலம் 80. டி.என்.பி.எஸ்.சி. கைடில் நம் மாவட்டமே ஒரு மார்க் கேள்வி. பிள்ளைகள் இந்த எண்ணை வசவு மாதிரி கேட்டுக் கேட்டு வளர்கிறார்கள். அதனால் வகுப்பில் இதைத்தான் முதலில் பிரித்துப் போடுகிறேன். ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டுமே வைத்துப் போடும் கணக்கு இது. தேர்வு எதுவும் வைப்பதில்லை. எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டு, சொல்வதைக் குறித்துக்கொள்கிறார்கள். எந்த மொழியானாலும் சரி. ஆக, தளியில் கன்னடமும் வேப்பனஹள்ளியில் தெலுங்கும் மட்டும் படிக்கத் தெரிந்தவரும் எழுத்தறிவு பெற்றவர்தான். பெண்களில் நூற்றுக்கு 60 பேருக்குத்தான் தெரியும் என்ற எண்ணைப் பார்த்து ஒரு பிள்ளை, "எங்க அம்மா அந்த மீதி 40 சார்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மே 15

காரிமங்கலத்து அக்கா ஒருவர் கேட்டார்: தன் அங்கன்வாடிப் பகுதியில் ஒரு குக்கிராமத்தில் ஒரு வருடம் 12 பிறப்பு, அதில் 4தான் பெண். மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்தாராம். "ஆயிரத்துக்கு 500ன்னு ரிப்போர்ட்ல சிவப்பு விழுந்துடுச்சு. நான் என்ன பதில் சொல்றது?"

வகுப்பில் இதற்கு ஒரு விளையாட்டு உண்டு. ஆளுக்கொரு நாணயம். 12 தடவை சுண்ட வேண்டும். தலை விழுந்தால் பெண், பூ விழுந்தால் ஆண். முப்பது பேர் சுண்டினால் ஐந்தாறு பேருக்காவது 4 அல்லது அதற்கும் குறைவான தலைதான் விழும். கணக்குப்படி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. யாரும் எந்தத் தப்பும் செய்யாமலே ஐந்தில் ஒரு கிராமம் சிவப்பாகிவிடும். இன்னொரு ஐந்தில் ஒரு கிராமம் 8 பெண், 4 ஆண் என்று பாராட்டு வாங்கும், அதுவும் சும்மா.

ஆகவே அக்கா, ஒரு வருடத்தை வைத்து ஒரு கிராமத்தை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கக் கூடாது. ஐந்தாறு வருடக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். சேர்த்த பிறகும் பெண் குழந்தைகள் மூன்றில் ஒரு பங்குதான் என்றால் அது அதிர்ஷ்டம் இல்லை. அப்போது விசாரிக்கத்தான் வேண்டும், கடுமையாகவே. சின்ன எண் அப்பாவியையும் மாட்டிவிடும், குற்றவாளியையும் மறைக்கும்.

மே 15, சற்றுப் பிறகு

நாணயத்துக்கு எங்கே போவது என்று ஒருவர். நியாயமான கேள்வி. எல்லாம் ஜீபே ஆன பிறகு ஒரு வகுப்புக்கு முப்பது ஒரு ரூபாய் தேடுவதுதான் அந்தப் பாடத்தில் கஷ்டமான பகுதி. பஸ் கண்டக்டர் தயவில் கிடைத்தது. திரும்பி வந்தது குறைவு.

மே 25

குடும்பத் தலைவிகளுக்கான மகளிர் உரிமைத்தொகை பற்றி. இதன் பதிவு முகாமை முதல்வர் 2023 ஜூலையில் தொப்பூரில்தான் தொடங்கிவைத்தார், நம்ம ஊர். விண்ணப்பம் வந்தது 1 கோடியே 63 லட்சம். தொடக்கத்தில் தேர்வானது 1 கோடியே 6 லட்சம். மீதிப் பேர் ஏன் இல்லை?

அப்போதைய நிபந்தனைகளில் ஒன்று: வீட்டு மின்சாரம் வருடத்துக்கு 3600 யூனிட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். பணக்காரர்களைக் கழிக்க நல்ல சல்லடை மாதிரித்தான் தெரியும். இதை ஒன்பதாம் வகுப்பில் கொடுத்து, "இந்த விதியில் தப்பாக விழக்கூடியவர் யார்?" என்று கேட்டேன். முதல் ஐந்து நிமிடம் அமைதி. அப்புறம் பின் பெஞ்சிலிருந்து ஒருவன்: "சார், எங்க வீட்ல ஒரே மீட்டர்தான். பெரியப்பா, சித்தப்பா, நாங்க. மூணு அடுப்பு."

மூன்று குடும்பமும் மாதத்துக்கு 100 யூனிட் வீதம் எரித்தால் வருடத்தில் 3600. மூன்று ரேஷன் கார்டு இருக்கிறது, மூன்று குடும்பத் தலைவியும் இருக்கிறார்கள். கணினிக்குத் தெரிவது ஒரு மீட்டர் எண்தான். அதே நேரம் பெங்களூரில் சொந்த வீடு கட்டி, ஊரில் வீட்டைப் பூட்டி வைத்திருப்பவரின் மீட்டர் ஓடவே ஓடாது.

விதி எழுதியவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. மேல்முறையீட்டுக்கு வழி வைத்திருந்தார்கள்: 30 நாளுக்குள் இ-சேவை வழியாகக் கோட்டாட்சியருக்கு. ஆனால் போனில் வந்த குறுஞ்செய்தியைப் படித்து, காரணம் என்ன, அது தன் விஷயத்தில் சரியா என்று கேட்கத் தெரிய வேண்டுமே. ஓசூர் நண்பரே, நீங்கள் கேட்ட "எண் தெரிந்தவன்" இங்கே பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.

ஜூன் 1

பல் விஷயம். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

வெளியூர்க்காரர்களுக்கு: தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லை என்றால் 1.5 வரை. பல இடங்களில் அதைத் தாண்டியது. அதனால்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-இல் தண்ணீர் விட்டார்கள். பிள்ளைகள் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை இருக்கும். தேய்த்தால் போகாது. பெண் பார்க்க வரும்போது வாயை மூடிச் சிரிக்கச் சொல்லி வீட்டிலேயே பழக்குவார்கள்.

ஒரு முறை வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை வாய் திறக்கச் சொல்லி, கறைக்கு ஒரு எண் போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போனது. நல்ல நோக்கம்தான். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, எங்க பல்லை எழுதிட்டுப் போறீங்க. யார்கிட்ட காட்டுவீங்க?" வந்த பெண் சிரித்துக்கொண்டே, "ரிப்போர்ட்டுக்குமா" என்றார். அந்த ரிப்போர்ட் எங்கள் பள்ளிக்கு வந்து சேரவில்லை.

கணக்கு வாத்தியாராக எனக்கு இன்னொரு உறுத்தல். பல்லின் மேல்பூச்சு சிறு வயதிலேயே உருவாகி முடிந்துவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளையின் முன்பல் கறை, அவள் நான்கைந்து வயதுக்குள் குடித்த தண்ணீரைத்தான் சொல்லும். இன்று குழாயில் வரும் தண்ணீரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கறையை எண்ணி, "கூட்டுக் குடிநீர் வந்தும் பயனில்லை" என்று யாராவது எழுதினால் அது தப்பு. "கறை குறைந்துவிட்டது, இனி பணம் வேண்டாம்" என்று எழுதினாலும் தப்புதான்.

ஜூன் 3

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். "எத்தனை பேரில்?" என்ற கேள்வி மட்டும் போதும் என்று முதல் நாள் எழுதியதில் இப்போது எனக்கு அவ்வளவு உறுதியில்லை. அந்த எட்டாம் வகுப்புப் பெண் கேட்டது வேறு கேள்வி. எடுத்த கணக்கு யார் கையில் இருக்கிறது? எண்ணப்பட்டவர்களுக்கு அதில் என்ன பங்கு? நூறு கணக்கு சரியாகப் போடத் தெரிந்த குழுவுக்கு இது தோன்றவில்லை. 2023-இல் வந்த தனிநபர் தரவுச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. எங்கள் ஊரில் ஒப்புதல் என்றால், "வாத்தியார் சொன்னார்னா சரிதான்" என்று கைநாட்டு வைப்பது. அதற்குப் பேர் ஒப்புதலா?

அதனால் பிள்ளைகளும் நானும் பல்லை விட்டுவிட்டுக் குழாயை எண்ணினோம். எந்தத் தெருவில் ஒகேனக்கல் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருகிறது, வராத நாளில் எங்கே பிடிக்கிறார்கள், அந்த ஆழ்துளைக் கிணற்றைக் கடைசியாக யார் சோதனை செய்தது. ஊராட்சியில் தண்ணீர்ச் சோதனைப் பெட்டி இருக்கிறது, மகளிர் குழுப் பெண்களுக்குப் பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அந்தப் பெட்டி பீரோவில் இருந்தது. பிள்ளைகள் போய்க் கேட்டதும் சாவியைத் தேட ஆரம்பித்தார்கள். சார்ட்டில் காலனித் தெருவின் கட்டம் மட்டும் தனியாகத் தெரிந்தது: ஊர்த்தெருவை விட அங்கே இடைவெளி அதிகம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சார்ட்டை அப்படியே சுவரில் ஒட்டினோம்.

ஜூன் 8

"இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நம்மூர்ப் பிள்ளைகளுக்கு எதற்கு" என்றவருக்கு. 1900 பாரிஸ் கண்காட்சிக்கு டுபாய்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பேராசிரியர் அட்லாண்டா பல்கலைக்கழக மாணவர்களோடு சேர்ந்து கையாலேயே வண்ணம் தீட்டி வரைபடங்கள் அனுப்பினார். ஜார்ஜியா மாநிலத்துக் கறுப்பின மக்களின் நிலம், சொத்து, படிப்பு, தொழில் எல்லாம் அதில் இருந்தன. படிப்பறியாதவர்கள் என்று இகழப்பட்டவர்களின் எண்ணை ஐரோப்பிய நாடுகளின் எண்ணுக்குப் பக்கத்திலேயே வரைந்து காட்டினார். அடிமைத்தனம் ஒழிந்து நாற்பது வருடம்கூட ஆகாத காலம். மேல்நாட்டுச் சரக்குதான். ஆனால் கடைசி மாவட்டம் என்று கேட்டு வளர்கிற பிள்ளைக்கு இதைக் காட்டாமல் வேறு எதைக் காட்டுவது?

ஜூன் 10

மாங்காய். பாடத்திலிருந்து விலகுகிறோம் என்று முணுமுணுக்க வேண்டாம், கிருஷ்ணகிரிக்காரர்கள்தான் இழுத்தார்கள்.

"சீசன் சராசரி விலை கிலோ 13 ரூபாய்னு பேப்பர்ல போட்டுட்டான், எங்க கையில வந்தது அதுல பாதி" என்கிறார் போச்சம்பள்ளி நண்பர். எப்படி என்று பாருங்கள். தொடக்கத்தில் 5 டன் பெங்களூரா ரக மாங்காய் 20 ரூபாய்க்குப் போனது, வரத்து குவிந்தபோது 45 டன் 6 ரூபாய்க்குப் போனது என்று வைத்துக்கொள்வோம். இருபதையும் ஆறையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 13. மொத்தப் பணத்தை மொத்த எடையால் வகுத்தால் 7 ரூபாய் 40 காசு. இரண்டுக்கும் பேர் சராசரிதான். பேப்பர்க்காரர் பொய் சொல்லவில்லை. விவசாயி தின்பது இரண்டாவதை. பத்தாம் வகுப்புப் பையன்கள் இதைத் தங்கள் வீட்டு மண்டிச் சீட்டுகளை வைத்துப் போட்டார்கள். கூழ் ஆலை விலை பற்றி ஆட்சியர் அலுவலகத்தில் முத்தரப்புக் கூட்டம் நடக்கும்போது எந்தச் சராசரி பேசப்படுகிறது என்று அப்பாவிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 17

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிவிப்பு நேற்று வந்துவிட்டது. 2027 மார்ச் 1 அடிப்படை நாள், சாதியும் உண்டு. இழை தீப்பிடிக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

வன்னியர்களுக்கான 10.5 சதவீத உள்ஒதுக்கீடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மார்ச் 31-இல் உறுதிசெய்தபோது சொன்ன முக்கியக் குறை, இன்றைய நிலைக்கான தரவு இல்லை என்பது. 1980-களின் அம்பாசங்கர் ஆணையக் கணக்கை வைத்து 2021-இல் சட்டம் போட்டால் நிற்காது. நீங்கள் எந்தப் பக்கமாகவும் இருங்கள், அது உங்கள் இஷ்டம். எண்ணாமலே இருந்தால் இரண்டு பக்கமும் குரலை உயர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை.

என் கவலை வேறு. எண்ண வருகிற அன்று நம் ஆட்களில் எத்தனை பேர் ஊரில் இருப்பார்கள்? பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர்கள், திருப்பூருக்குப் போனவர்கள், சித்தேரி மலையிலிருந்து இறங்கித் தோட்ட வேலைக்குப் போனவர்கள். பூட்டிய வீட்டுக்கு எண் விழாது. வகுப்பில் இப்போதைக்கு வீட்டுப்பாடம் இதுதான்: உங்கள் தெருவில் பூட்டிய வீடு எத்தனை, மொத்தம் எத்தனை வீட்டில்?

(பதிலுக்கு வந்த நாற்பது சொச்சம் பின்னூட்டங்களில் ஒன்றுகூட பூட்டிய வீட்டைப் பற்றி இல்லை.)

ஜூன் 21

அரூர் நண்பர் கேட்டார், வாச்சாத்தியை வகுப்பில் பேசுவீர்களா என்று. நேற்று ஜூன் 20.

பேசியிருக்கிறேன். பெரிய பிள்ளைகளிடம் மட்டும், நடந்ததை விவரிக்காமல், நீதிமன்ற எண்ணை மட்டும் வைத்து. அரூர் பக்கத்து வாச்சாத்தி கிராமத்தில் 1992 ஜூன் 20-இல் அரசு அதிகாரிகளும் ஊழியர்களும் புகுந்து நடத்திய வன்முறை அது. குற்றம் சாட்டப்பட்ட அதிகாரிகளும் ஊழியர்களும் 269 பேர். 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்போது அவர்களில் 54 பேர் இறந்துவிட்டார்கள். மிஞ்சியிருந்த 215 பேருக்கும் தண்டனை: வனத்துறை 126, காவல்துறை 84, வருவாய்த்துறை 5. உயர் நீதிமன்றம் 2023-இல் அதை உறுதிசெய்தது.

எத்தனை சதவீதம் பேர் தண்டிக்கப்பட்டார்கள்? ஒரு பாதி வகுப்பு நூறு என்றது. இன்னொரு பாதி எண்பது என்றது. இரண்டு கணக்கும் சரி. அப்புறம் ஒரு பையன், "அந்த 54ஐ யார் சார் குறைச்சது?" என்று கேட்டான். பத்தொன்பது வருடம் என்று கரும்பலகையில் எழுதினேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நண்பர் எச்சரித்ததும் சரிதான்: அந்த ஊர்ப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இப்படிச் செய்யலாமா என்றால், அவர்கள் வீட்டாரிடம் கேட்காமல் செய்ய மாட்டேன்.

ஜூலை 6

பாலக்கோட்டிலிருந்து ஒரு ஆசிரியை: "நானும் ஆரம்பிக்கணும் அண்ணா, எங்கிருந்து தொடங்குறது? லேப் இல்ல, நெட் இல்ல."

லேப்பை விடுங்கள் அம்மா. ரேஷன் கடைப் பலகை, அங்கன்வாடியின் எடை அட்டவணை, பள்ளி வருகைப் பதிவேடு, ஊராட்சி வரவு செலவு. இது போதும், ஒரு வருடம் ஓடும். பெயர்களை எழுதாதீர்கள், எண்ணிக்கை மட்டும். முதலில் தக்காளியில் தொடங்குங்கள், உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். தண்ணீருக்கு மெதுவாக வாருங்கள். தெருத் தெருவாகப் பிரித்து எழுதும்போது ஊர்ப் பெரியவர் யாராவது வந்து கேட்பார், அப்போது சார்ட்டைப் பிள்ளைகளே விளக்கட்டும், நீங்கள் பேசாதீர்கள்.

எங்கள் குழாய் சார்ட்டை ஆகஸ்ட் 15 கிராமசபைக்குக் கொண்டுபோவதாக இருக்கிறோம். மனுவை எழுதுவது ஒன்பதாம் வகுப்பு. "ஐயா அவர்களுக்கு" என்று தொடங்குவதா, "தலைவர் அவர்களுக்கு" என்று தொடங்குவதா என்பதில் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்திருக்கிறார்கள். எண்ணில் யாருக்கும் சண்டை இல்லை.